சும்மாதான் இருந்தேன் என்றாயாமே

அன்புள்ள மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் உடம்பால் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மனசால் நலமா என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து எனக்கு நலமில்லை, அதற்குக் காரணம் நீ. போனிலேயே சொல்லியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். கோபம் வந்தால் என் நாக்கு இன்னும் பின்னிக்கொள்கிறது. நான் நாலு வார்த்தை சேர்ப்பதற்குள் நீ "அப்பா, மெதுவா, மெதுவா" என்பாய், எனக்கு வந்த கோபம் பாதியில் நின்றுபோகும். காகிதத்தில் என்னை மெதுவா என்று சொல்ல ஆளில்லை. இடது கையால் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், கோபம் நேராகத்தான் இருக்கிறது, பொறுமையாகப் படி.

நீ ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசியதெல்லாம் எனக்குக் கேட்டது. அவள் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் அடுத்த அறையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், கதவு திறந்துதான் இருந்தது. நீ "அப்பா கிட்ட சொல்லாதேம்மா" என்று சொன்னது வரைக்கும் கேட்டேன். அம்மாவைத் திட்டாதே, அவள் எதையும் சொல்லவில்லை. பாவம், நான் வெளியே வந்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி ஒரே தலையணை உறையை மூன்று தடவை தேய்த்தாள்.

அந்த மருந்து கம்பெனியில் தரப் பரிசோதனை வேலைக்கு உன்னை இன்டர்வியூ செய்தவர்கள் மூன்று பேர், நீ வைத்த பெயரிலேயே சொல்கிறேன், கண்ணாடிக்காரர், தலையாட்டி, அப்புறம் ஆள் எடுக்கும் பிரிவிலிருந்து வந்த அந்த மேடம். முதல் சுற்றில் தேறிவிட்டாய், அடுத்த வாரம் வியாழக்கிழமை அதே மூன்று பேர் முன்னால் இரண்டாவது சுற்று, அது தேறினால் நிரந்தர வேலை. சந்தோஷப்பட வேண்டிய சேதிதான். ஒன்றரை வருஷமாக அந்தக் கிடங்கில் தினக்கூலிக்கு அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறாய், படித்த படிப்புக்கு ஒரு வேலை வந்தால் எனக்கென்ன கசக்கவா செய்யும். ஆனால் நீ எப்படித் தேறினாய் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாயே, அதைக் கேட்டபோதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதலில் சின்னக் கோபங்களை முடித்துவிடுகிறேன். உன்னைப் பற்றிச் சொல்லு என்றார்களாம், நீ உன் பெயர், அப்பா பெயர், படித்த வருஷம், வாங்கிய மதிப்பெண் என்று ஒப்பித்தாயாம். ஏம்மா, அதெல்லாம் அவர்கள் கையில் இருக்கும் காகிதத்திலேயே இல்லையா, அவர்களுக்கென்ன கண் தெரியாதா. அந்தக் கேள்விக்குக் காகிதத்தில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய கம்பெனியில் ஒரு நாள் மாத்திரை அட்டை பத்துக்கு ஒன்பதாக வருகிறது என்று கண்டுபிடித்து, மேலதிகாரி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நீயாகவே இயந்திரத்தை நிறுத்தினாயே, வீட்டுக்கு வந்து "வேலை போயிடுமாப்பா" என்று பயந்துகொண்டே சொன்னாயே, அதைச் சொல்ல வேண்டியதுதானே. தரப் பரிசோதனைக்கு ஆள் எடுக்கிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும். அப்புறம் உன் பலவீனம் என்ன என்று கேட்டதற்கு "நான் அளவுக்கு மீறி உழைப்பேன் சார், அதான் என் பலவீனம்" என்றாயாம். இந்தப் பதிலை எந்தப் புண்ணியவான் இன்டர்நெட்டில் எழுதிவைத்தானோ தெரியாது. பம்ப் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் நான் தேர்வுக் குழுவில் உட்கார்ந்தவன், பத்துப் பேர் வந்தால் எட்டுப் பேர் இதைத்தான் சொல்வார்கள், நாங்கள் மேஜைக்கு அடியில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவோம். உனக்கு நிஜமாகவே ஒரு பலவீனம் உண்டு, சத்தம் போட்டுப் பேசுகிறவர்கள் முன்னால் உனக்குக் குரல் எழும்பாது. அதைச் சொல், அதற்காக என்ன செய்கிறாய் என்றும் சொல், எல்லாவற்றையும் கையோடு எழுதிவைத்துக் காட்டுகிறாய் இல்லையா, அதைச் சொல். உண்மையும் ஆகும், உபயோகமும் ஆகும்.

இதெல்லாம் போகட்டும், எல்லாரும் செய்கிற தப்பு. எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்காமல் செய்தது வேறு. நடுவில் மூன்று வருஷம் எங்கேயும் வேலை பார்த்ததாகத் தெரியவில்லையே, என்ன செய்தீர்கள் என்று கண்ணாடிக்காரர் கேட்டிருக்கிறார். நீ என்ன சொன்னாய். "வீட்லதான் சார் இருந்தேன், சும்மாதான்." அவர் விடாமல், மூன்று வருஷம் சும்மாவா என்று புருவத்தைத் தூக்கியதும், அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, கூட இருந்தேன், வேறு ஒன்றும் செய்யவில்லை என்றாயாம். வேறு ஒன்றும் செய்யவில்லையா. அடி பாவி, எனக்கு உடம்பில் வலது பக்கம்தான் போயிற்று, ஞாபகம் போகவில்லை.

நான் பக்கவாதம் வந்து விழுந்தபோது உன் அம்மா கடையில் கல்லாவில் உட்கார்ந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும், அதனால் நீ வேலையை விட்டாய். முதல் இரண்டு மாதம் படுத்த இடத்தில் புண் வந்துவிடக் கூடாது என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் என்னைப் புரட்டிப் போட்டது யார். பிளம்பரைக் கூட்டிவந்து, கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் சுவரோடு இரும்புக் குழாய் பதிக்கச் சொல்லி, அவர் இடுப்பு உயரத்தில் வைத்ததை "எங்கப்பா குள்ளம், நாலு விரல் கீழ இறக்குங்க" என்று கழற்றி மாட்டவைத்தது யார். எனக்குப் பேச்சு வரவில்லை. பிள்ளைகள் படம் போட்ட புத்தகத்தைக் காட்டினால் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நீ என் பழைய கம்பெனி விலைப்பட்டியலைத் தேடி எடுத்துவந்து, பம்ப் பாகங்களை ஒவ்வொன்றாகக் காட்டிச் சொல்லச் சொன்னாய். நாற்பத்தோராவது நாள் எனக்கு வந்த முதல் வார்த்தை உன் பெயரும் இல்லை, உன் அம்மா பெயரும் இல்லை, "வால்வு". உன் அம்மாவுக்கு அந்த வருத்தம் இன்றைக்கும் தீரவில்லை. நீ மட்டும் எழுந்து நின்று கைதட்டினாய்.

அதோடு விட்டாயா. ஒரு நாள் மத்தியானம் என் மருந்தையெல்லாம் தரையில் பரப்பி, அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய். நரம்பு டாக்டர் எழுதிய ஒன்றும் இதய டாக்டர் எழுதிய ஒன்றும் வெளியே பெயர் வேறு, உள்ளே இருக்கும் மருந்து ஒன்றேதான், நான் தினம் இரட்டை அளவு விழுங்கிக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் எழுந்தால் தலை சுற்றுகிறது என்று கண்டுபிடித்தது யார். டாக்டரிடம் அதைச் சொல்வதற்கு மருத்துவமனை வராந்தாவில் இரண்டு மணி நேரம் காத்திருந்தாய், பார்த்துவிட்டு அவர் முகம் சுருங்கிப்போய் ஒன்றை அடித்துக் கொடுத்தார். அது தரப் பரிசோதனை இல்லையா. அந்தக் கண்ணாடிக்காரர் சம்பளம் கொடுத்து ஆள் தேடுகிறாரே, இந்தக் கண்ணுக்குத்தானே தேடுகிறார். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு, அவர் முன்னால் போய் உட்கார்ந்து, சும்மா இருந்தேன் என்று சொல்லிவிட்டு வந்தாயே, உன் வாயில் அடிக்கலாமா என்று வந்தது எனக்கு.

இப்போது இன்னொரு சும்மாவுக்கு வருகிறேன். நம் ஆட்களுக்கு இந்த வார்த்தை ஒன்று போதும், எந்த வீட்டுக்குள்ளும் செருப்போடு நுழைந்துவிடலாம். "சும்மா கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்று அந்த மேடம் ஆரம்பித்தாராமே. முப்பத்தொரு வயதாகிறது, கல்யாணம் பண்ணும் எண்ணம் உண்டா, யாரையாவது பார்த்துவைத்திருக்கிறீர்களா என்று. நீ பல்லைக் காட்டிக்கொண்டு, இப்போதைக்கு இல்லை மேடம், இரண்டு வருஷத்துக்கு நிச்சயமாக இல்லை என்றாயாம். யாரைக் கேட்டு இரண்டு வருஷம் தவணை சொன்னாய். நாளைக்கே உனக்கு ஒருத்தரைப் பிடித்துப்போனால் என்ன செய்வதாக உத்தேசம், அந்த மேடத்துக்கு லீவு லெட்டர் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ஆசைப்படுவாயா. நீ கல்யாணம் பண்ணிக்கொள், பண்ணாமல் இரு, அது உன் இஷ்டம், நானும் அம்மாவுமே அதில் மூக்கை நுழைப்பதில்லை. பெற்றவர்களே வாயை மூடிக்கொண்டிருக்கும் விஷயத்தில், பத்து நிமிஷம் பழகிய அம்மணிக்கு என்ன வந்தது.

அது முடிந்ததும் கண்ணாடிக்காரர் கேட்டாராம், அவரும் சும்மாதான் கேட்டாராம், "உங்கப்பா மறுபடி விழுந்துட்டார்னா கிளம்பிப் போயிடுவீங்களா?" என்று. தலையாட்டி வழக்கம்போலத் தலையாட்டினாராம். நீ சொன்ன பதிலை நான் எழுதத் தேவையில்லை, ஆனாலும் எழுதுகிறேன், என் கையால் எழுதினால்தான் என் வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கும். "போக மாட்டேன் சார்." இதைச் சொன்னதும்தான் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, இரண்டாவது சுற்றுக்கு வாருங்கள் என்றார்களாம். நீ அம்மாவிடம் "பொய்தான்மா சொன்னேன், வேலை வேணுமே" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாதா, அழுகை வரும்போது நீ சிரிக்கிற சிரிப்பு அது. நீ போக மாட்டேன் என்று சொன்னதில் எனக்குத் துளி வருத்தம் கிடையாது, அதைத் தெரிந்துகொள். உன்னை அங்கே உட்காரவைத்து, உன் அப்பன் விழுந்து கிடக்கிற மாதிரி ஒரு படத்தைக் காட்டி, தாண்டிப் போவாயா மாட்டாயா என்று கேட்டார்களே, அவர்களை நினைத்தால்தான் எனக்குக் கொதிக்கிறது. மருந்து கம்பெனி நடத்துகிறார்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்வது அவர்களுக்கு ஒரு குற்றம்.

திங்கட்கிழமை உன் மாமா வந்திருந்தான். விஷயம் கேட்டதும், முதலில் உள்ளே போகட்டும் அத்தான், எது கேட்டாலும் சிரித்துக்கொண்டே சரி சரி என்று சொல்லச் சொல்லுங்கள், போனபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அறிவுரை. அவன் சிரித்துக்கொண்டே சரி சரி என்று சொல்லி எத்தனை வேலையில் எத்தனை மாதம் இருந்தான் என்று உனக்குத் தெரியும். காபி குடித்த டம்ளரைக் கூடக் கழுவாமல் போனான். அவனைத் திட்டிவிட்டு, அந்தச் சூட்டோடு, அந்த மூன்று பேரையும் நான் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தேன். உன் அம்மா டம்ளரைக் கழுவிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீங்களும் பன்னெண்டு வருஷம் அந்தப் பக்கம்தானே உக்காந்திருந்தீங்க" என்றாள். எனக்கு அதோடு பேச்சு நின்றது. இந்தத் தடவை நாக்கின் குற்றமில்லை.

உனக்கு நான் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் ஃபோர்மேனாக இருந்தபோது, பம்ப்பில் தண்ணீர் ஓடவிட்டுக் கசிவு பார்க்கும் மேடைக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. நாலு பேர் வந்தார்கள், மூன்று ஆண்கள், ஒரு பெண். அந்தப் பெண் ஒரு பழைய பம்ப்பைக் காதோடு வைத்துக் கையால் சுற்றிப் பார்த்து, பேரிங் போயிருக்கிறது என்று பிரிக்காமலே சொன்னாள், எங்கள் மெக்கானிக்கே அசந்துபோனான். நான் அவள் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, சும்மா கேக்கறேம்மா, கைக்குழந்தை இருக்கே, யார் பார்த்துப்பா என்று கேட்டேன். அவள் சாந்தமாக, "வெளியில உக்காந்திருக்கிற அந்த மூணு பேருக்கும் குழந்தைங்க இருக்கு சார், அவங்க கிட்டயும் கேட்டீங்களா?" என்றாள். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. என்ன செய்தேன் தெரியுமா, குறிப்பு எழுதும் கட்டத்தில் "வாய் அதிகம்" என்று எழுதினேன். எடுத்த ஆண்பிள்ளை நாலே மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கம்பெனிக்குப் போனான். அவள் முகம் கூட எனக்கு இப்போது சரியாக ஞாபகமில்லை, அவள் கேட்ட கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. உன்னைக் கேட்டவர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். யோக்கியதை இல்லைதான், ஆனாலும் திட்டுவேன், என்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அது இதைவிட மோசம். நான் படுத்துக்கிடந்த இரண்டாவது வருஷம், எங்கள் கம்பெனி ஸ்டோர்கீப்பர் பார்க்க வந்தார். உன்னைப் பார்த்துவிட்டு, "பொண்ணு வேலைக்குப் போகலியா, வீட்ல சும்மாதான் இருக்காளா?" என்று என்னிடம் கேட்டார். நீ அப்போது என் வலது கையை உன் மடியில் வைத்து விரல் விரலாக நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாய். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்கு அப்போது பேச்சு சரியாக வராது, உண்மை, ஆனால் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டி இல்லை என்று சொல்லத் தெரியுமே. ஏனோ வந்தவர் முன்னால், என் மகள் எனக்காக உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒத்துக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. நீ விரலை மடக்குவதை ஒரு கணம் நிறுத்தினாய், அவ்வளவுதான். அந்த வார்த்தையை நீயாகக் கண்டுபிடிக்கவில்லை, நான் தலையாட்டித் தந்ததைத்தான் அந்த மூன்று பேரிடமும் எடுத்துச் சொல்லியிருக்கிறாய். அதனால் உன் மேல் பட்ட கோபத்தில் பெரும்பங்கை நானே எடுத்துக்கொள்கிறேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்க வெட்கமாக இருக்கிறது, கேட்கிறேன்.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். நேற்று அம்மாவைக் கண்ணாடிக்காரராக உட்காரவைத்து, நான் நீயாக உட்கார்ந்து சாப்பாட்டு மேஜையில் ஒத்திகை பார்த்தோம். உன் அம்மா என் வாசிப்புக் கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு கேட்ட கேள்விகளைக் கேட்டிருந்தால் அந்த மூன்று பேரே எழுந்து ஓடியிருப்பார்கள், முப்பத்தைந்து வருஷ ஆத்திரத்தையும் அதில் கலந்துவிட்டாள். ஆனால் உருப்படியாக ஒன்று கண்டுபிடித்தோம். முறைத்தால் அவர்களுக்குக் குறிப்பு எழுத ஒரு வார்த்தை கிடைத்துவிடுகிறது, சிரித்து மழுப்பினால் அடுத்த கேள்விக்குத் துணிச்சல் வருகிறது. இரண்டும் வேண்டாம். கல்யாணம் பற்றி மறுபடி கேட்டால், அது என் சொந்த விஷயம் மேடம் என்று மட்டும் சொல், சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள், அப்புறம் வரும் மௌனத்தை நீ நிரப்பாதே, கேட்டவர்களே நிரப்பட்டும். அப்பாவைப் பற்றிக் கேட்டால், நான் ஒழுங்காக வேலைக்கு வருவேனா என்பதுதான் உங்கள் சந்தேகம் என்றால், பழைய கம்பெனியில் இரண்டு வருஷத்தில் எத்தனை நாள் லீவு எடுத்தேன் என்று கேட்டுப் பாருங்கள் சார் என்று சொல். அந்த மூன்று வருஷம் என்ன செய்தாய் என்றால், குழாயிலிருந்து ஆரம்பித்து அந்த இரட்டை மருந்து வரைக்கும் ஒன்று விடாமல் சொல். இவ்வளவு சொல்லியும் வேலை தரவில்லை என்றால் அட்டைப்பெட்டியே ஒட்டு, வேறு இடம் பார்க்கலாம். தந்தால் தலை நிமிர்ந்து போ. ஆனால் அந்த வார்த்தை உன் வாயில் இனி வந்தது என்று கேள்விப்பட்டேன் என்றால், நான் ரயில் பிடித்து வந்துவிடுவேன், ஜாக்கிரதை.

இதோடு ஒரு காகிதம் மடித்து வைத்திருக்கிறேன். எங்கள் பிரிவிலிருந்து யார் விலகினாலும் அனுபவச் சான்றிதழ் எழுதுவது என் வேலையாக இருந்தது, நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன், அந்தப் பாணி கைக்குள்ளேயே கிடக்கிறது. உனக்கு ஒன்று எழுதியிருக்கிறேன். இன்னார் மூன்று ஆண்டு இரண்டு மாதம் என்னிடம் முழுநேரப் பணியில் இருந்தார் என்று ஆரம்பித்து, பார்த்த பணிகளை எல்லாம் வரிசையாக எழுதினேன், தினமும் இரண்டு தடவை இரத்த அழுத்தம் பார்த்துக் குறித்துவைத்த நோட்டுகள் ஏழு என்பது உள்பட. எடுத்த விடுப்பு ஒன்றரை நாள், அதுவும் உனக்குக் காய்ச்சல் கண்டபோது. நடத்தை என்ற இடத்தில், கோபக்காரி, நோயாளி அதைவிடக் கோபக்காரர் ஆகையால் புகார் எதுவும் பதிவாகவில்லை என்று எழுதினேன். விலகிய காரணம், நோயாளி தாமே வாசல் வரை நடந்துபோய் வழியனுப்பினார். இதை நீ அவர்களிடம் காட்ட வேண்டும் என்பதில்லை, காட்டினால் சிரிப்பார்கள். உள்ளே போகும் முன்னால் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தடவை படி, போதும்.

சான்றிதழோடு சேர்த்து நாங்கள் நிரப்பும் படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு, விலகுகிறவருக்கு நாங்கள் அதைக் காட்டுவதில்லை, கம்பெனி கோப்புக்குள் மட்டும் போகும். இவரை மறுபடியும் பணிக்கு எடுக்கலாமா என்பது கேள்வி. எல்லாருக்கும் எடுக்கலாம் என்றுதான் எழுதுவேன், திருடி மாட்டியவர்களுக்கு மட்டும் கூடாது என்று எழுதியிருக்கிறேன். உனக்குக் காட்டுகிறேன், கூடாது என்றுதான் எழுதியிருக்கிறேன். கீழ்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மாவிடம் பேசிவிட்டேன், அவரிடம் ஒரு சாவி கொடுத்திருக்கிறது, ஆம்புலன்ஸ் எண் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது, மாமா கூட ஒரு வாரம் வந்து படுத்துக்கொள்வதாகச் சத்தியம் செய்திருக்கிறான், அதை மட்டும் நம்ப வேண்டாம். நான் மறுபடி விழுந்தால் உனக்குச் சொல்வோம், மறைக்க மாட்டோம். நீ வரலாம், என் பக்கத்தில் உட்காரலாம், என்னைத் திட்டலாம், அழலாம், நாலு நாளில் உன் வேலைக்குத் திரும்பிப் போக வேண்டும். மகளாக எத்தனை தடவை வேண்டுமானாலும் வா, அந்த வேலைக்கு உன்னை நான் மறுபடி எடுக்கவே மாட்டேன். அம்மா படித்துவிட்டு, இப்படியா பெற்ற பிள்ளைக்கு எழுதுவார்கள் என்று என்னோடு ஒரு மணி நேரம் பேசவில்லை. அப்புறம் வந்து, பேனாவை வாங்கி, கூடாது என்பதற்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டாள்.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், தலை குனியாமல் இருக்க வேண்டும், இது எங்கள் இருவர் ஆசியும். வியாழக்கிழமை வெறும் வயிற்றோடு போகாதே, அசல் சான்றிதழ்களோடு நகலும் இரண்டு எடுத்துக்கொள், போட்டுக்கொண்டு போகும் செருப்பை முதல் நாளே சரிபார்த்துவை.

இப்படிக்கு,
உன்னிடம் மூன்று வருஷம் வேலை வாங்கிய
அப்பா